சும்மா சுட்ட ரெண்டு வெடி

துப்பாக்கி வெடி ஒன்று கேட்டால் யார் வீட்டிலோ ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. இரண்டு வெடி, அதுவும் மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குடகில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. காது இருந்தால் போதும். காப்பித் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருப்பவன்கூட இரண்டாவது வெடி கேட்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எந்தத் திசை என்று நிமிர்ந்து பார்ப்பான்.

அன்று காலை திசையில் சந்தேகமே இல்லை. மேட்டு வீடு. அங்கே இருப்பது தேச்சவ்வா ஒருத்திதான். புருஷன் பெள்ளியப்பா போன மழைக்காலத்தில் போய்விட்டார். மகள் கல்யாணமாகி மைசூரில் இருக்கிறாள். ஆகவே தேச்சவ்வாதான் செத்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. வீட்டில் இருந்த ஒருத்தியும் செத்துவிட்டால் வெடி வைத்தது யார் என்று யாருக்காவது தோன்றியதா என்றால், இல்லை. சாவு என்றதும் வெள்ளைப் புடவையைத் தேடுவார்களா, மூளையைத் தேடுவார்களா?

முதலில் வந்து சேர்ந்தது பக்கத்துத் தோட்டத்துக் கங்கவ்வா. வெள்ளை உடுத்தி, தலையில் துணி போட்டு, கேட்டுக்கு வரும்போதே ஒப்பாரியை எடுத்துவிட்டாள். "என்னை விட்டுட்டுப் போயிட்டியே தேச்சு" என்று பாதி வந்தவள் அப்படியே நின்றாள். முற்றத்தில் தேச்சவ்வா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவை இறக்கியவள் கங்கவ்வாவின் கோலத்தைப் பார்த்து முகம் மாறினாள்.

"ஐயோ, யாரு கங்கா போனது?"

"நீதான்டி."

"நானா?"

"ரெண்டு வெடி கேட்டுச்சே."

தேச்சவ்வா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் மேட்டுப் பாதையில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் வெள்ளை. உயிரோடு நிற்பவளைப் பார்த்ததும் சிலர் சிரித்தார்கள், சிலருக்குக் கோபம் வந்தது. ஒருத்தர் கையோடு கொண்டுவந்த தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நடுவில் மைசூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, நீங்க செத்துட்டதா நாச்சப்பா சொல்றான்."

"அப்படியா? நீ இப்ப யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்று கேட்டு, மகள் அழுகிறாள் என்று தெரிந்ததும், "இல்லடி கண்ணு, நல்லா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கடைசியாக வந்தவர் குட்டய்யா. பெள்ளியப்பாவின் அண்ணன். இவர்களுடைய கூவலேர குடும்பத்துக்கு இன்று மூத்தவர் அவர்தான், அவர் சொல்தான் சொல். எழுபதைத் தாண்டியவர், முட்டி இரண்டும் போனவர், அந்த மேட்டைத் தடியில்லாமல் ஏறி வந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறி ஒன்றில் மாட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேச்சவ்வாவைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினார். பின்னால் அவர் மகன் நாச்சப்பா போனும் கையுமாக வந்து நின்றான். இவன்தான் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பாதிக் குடகுக்குச் செய்தி சொல்லி முடித்திருந்தான்.

மூச்சு வந்ததும் குட்டய்யா கேட்டார். "பன்னியா?"

"இல்ல பாவா."

"யானையா?"

"இல்ல."

"திருடனா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்குச் சுட்ட?"

"சும்மா."

கங்கவ்வா அவள் இடுப்பைக் கிள்ளி, "பன்னின்னு சொல்லித் தொலையேன்டி" என்று காதைக் கடித்தாள். பன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பன்றிக்கு இரண்டு குண்டு விட்டாள், ஒன்றும் தப்பில்லை, காப்பி போடு என்று உட்கார்ந்திருப்பார்கள். தேச்சவ்வாவுக்கு அது தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை.

"டப்பாவ வேலிக்கம்பத்து மேல கவுத்து வச்சேன். முதல் குண்டு போச்சு. எரிச்சலா இருந்துச்சு, உடனே ரெண்டாவதையும் விட்டேன். பாருங்க, நட்ட நடு" என்று சொல்லி டப்பாவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நீட்டியிருக்க வேண்டாம். குட்டய்யா அந்த டப்பாவைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய்ப் பூந்தொட்டியில் முட்டி நின்றது.

"சாவு வெடிய சும்மா வச்சியா? வெளையாட்டா உனக்கு? இந்த வாரம் கைல்போத் வருதில்ல, துப்பாக்கிய ஐன்மனைக்குக் கொண்டு வா. அது திரும்ப இந்த மேட்டுக்கு வராது. நாச்சப்பாகிட்ட இருக்கும். தனியா இருக்கற பொம்பளைக்கு எதுக்கு அது."

சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார். வெறுங்காலில் அவர் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்ததை தேச்சவ்வா கவனித்தாள்.

கைல்போத் என்றால் ஆயுதங்களுக்குப் பண்டிகை. நாற்று நட்டு முடிந்து, மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் வரும். குடும்பத்தின் மூலவீடான ஐன்மனையில் எல்லார் துப்பாக்கியும் கத்தியும் விளக்கு முன்னால் வரிசையாக வைக்கப்படும். சந்தனம் இடுவார்கள், குழல் வாயில் செங்காந்தள் பூ சொருகுவார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பேரே துப்பாக்கிப் பூதான். பூசை முடிந்ததும் மூத்தவர் ஒவ்வொன்றாக எடுத்து உரியவர் கையில் கொடுப்பார். அவர் கொடுக்காமல் யாரும் எடுக்கக் கூடாது. துப்பாக்கியைக் கொண்டுபோகாமல் இருந்துவிடலாமே என்றால், அது குடும்பத்தை விட்டு விலகிக்கொண்ட மாதிரி. கொண்டுபோனால் பிடுங்கிக்கொள்வார். நன்றாகத்தான் மாட்டிவிட்டார் மனுஷன்.

துப்பாக்கி வைத்திருக்கும் யாரையாவது ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பன்றி என்பான், யானை என்பான், முப்பாட்டன் வைத்திருந்தான் என்பான், குல மானம் என்பான். சுடுவது நன்றாக இருக்கிறது என்று ஒருத்தன் சொல்ல மாட்டான். அடுத்த வீட்டில் திருடித் தின்றதுபோல அதை மட்டும் மறைப்பான். நாச்சப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் வேலை, புது வீட்டில் சோபாவுக்கு மேலே மாட்ட ஒரு துப்பாக்கி வேண்டும், பாரம்பரியமாம். சுவரில் தொங்குவதற்கு அது என்ன காலண்டரா?

தேச்சவ்வா துப்பாக்கியை முதலில் கையில் எடுத்தது கல்யாணமாகி வந்த புதிதில். பெள்ளியப்பா பள்ளிக்கூட வாத்தியார், சத்தம் என்றாலே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது இவள் ஆணியிலிருந்து அந்த இரட்டைக்குழலை இறக்கி, கொல்லையில் தொங்கிய பலாக்காயைச் சுட்டுவிட்டாள். பதறி எழுந்து வந்தவர் சிதறிக் கிடந்த பலாவைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "பழுத்திருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு இவள் சுடும்போதெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு காப்பியோடு படியில் உட்கார்ந்துகொள்வார். பட்டால் "பட்டுச்சு" என்பார், தப்பினால் "போச்சு" என்பார். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அவளுக்கு ஏன் பிடித்தது என்று கேட்டால் என்ன சொல்வாள், பாவம். கட்டை தோளில் வந்து உட்காரும். கன்னம் குளிர்ந்த மரத்தில் படும். டப்பாவைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இருக்காது. முட்டி வலி இருக்காது, காப்பி விலை இருக்காது, மாமியார் காலையில் சொன்ன சொல் இருக்காது. மூச்சைப் பாதியில் நிறுத்தி விசையை மெல்ல அழுத்துகிற அந்த ஒரு நொடி முழுக்க அவளுடையது. அப்புறம் தோளில் ஒரு குத்து, வெடிமருந்து வாசனை, மலை திருப்பிச் சொல்கிற சத்தம். நாள் முழுக்கப் பிறத்தியாருக்கு ஓடி ஓடி உழைக்கிற பொம்பளைக்கு, இத்தனை பெரிய சத்தம் என்னால்தான் வந்தது என்று நினைக்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் தெரியுமா.

போன மழையில் பெள்ளியப்பா செத்தபோது வெடி வைக்க வேண்டியவர் குட்டய்யா. தம்பியின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனவருக்குக் கை நடுங்கி, தோட்டா குழலுக்குள் போகவில்லை. கீழே விழுந்தது, எடுத்தார், மறுபடி விழுந்தது. பிணத்தருகே உட்கார்ந்திருந்த தேச்சவ்வா எழுந்து போய் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, இரண்டு வெடியையும் வானத்தைப் பார்த்து அவளே வைத்தாள். பெண்டாட்டி வெடி வைப்பது வழக்கம் இல்லை. அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு துப்பாக்கி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. பார்த்தாலே அந்த இரண்டு சத்தம் காதில் கேட்கும். டப்பாவைச் சுட்ட அன்று காலை, கைல்போத்துக்காகத் துடைத்து எண்ணெய் போட எடுத்தவள், குழலுக்குள் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தாள். மூடும்போது வந்த 'டக்' சத்தத்தில் பழைய ஆசை அப்படியே எழுந்து வந்துவிட்டது. இரண்டு தோட்டாவும் பிஸ்கட் டப்பாவும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நடந்தது இவ்வளவுதான்.

கைல்போத் அன்று ஐன்மனை கூடம் நிறைந்திருந்தது. ஆண்கள் கறுப்பு அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும், பெண்கள் பட்டு. அடுக்களையிலிருந்து பன்றிக்கறி வாசனை எல்லார் பக்தியையும் கெடுத்துக்கொண்டிருந்தது. தேச்சவ்வா தன் துப்பாக்கியை வரிசையின் ஓரத்தில் வைத்து, தானே பறித்து வந்த பூவைக் குழலில் சொருகினாள். கங்கவ்வா முழங்கையால் இடித்தாள்.

"இன்னிக்காவது பன்னின்னு சொல்லு. அவரே எதிர்பார்க்கறாரு. கேட்டா குடுத்துடுவாரு."

"நீ வேணா சொல்லு. நான் பன்னியவே பாக்கல."

பூசை முடிந்தது. குட்டய்யா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வாங்கினவர்கள் அவர் காலைத் தொட்டுவிட்டு வெளியே போகாமல் அங்கேயே நின்றார்கள். எல்லாருக்கும் தெரியும். கடைசியில் ஒரே ஒரு துப்பாக்கி மிஞ்சியது. குட்டய்யா அதைத் தொடவில்லை.

"தேச்சு, கடைசியாக் கேக்கறேன். அன்னிக்கு ஏதோ சத்தம் கேட்டுச்சு, பன்னின்னு நெனச்சுச் சுட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடு. அதோட விட்டுடலாம்."

"டப்பாவத்தான் சுட்டேன் பாவா."

"டப்பா உன்ன என்னம்மா பண்ணுச்சு?"

தேச்சவ்வா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். மைதானத்து இலவமரத்தின் உச்சியில், பூசை முடிந்ததும் சுடுவதற்காகக் கட்டிய தேங்காய் ஆடிக்கொண்டிருந்தது. "அந்தத் தேங்கா உங்கள என்ன பண்ணுச்சு? உங்க வயல்ல எறங்கி நெல்லத் தின்னுச்சா? இத்தன ஆம்பளைங்க காலைலருந்து குளிச்சு முழுகி, கச்ச கட்டிட்டு, ஒரு தேங்காயச் சுடப் போறீங்க. அதுக்குப் பேரு பண்டிகை. நான் டப்பாவச் சுட்டா குத்தமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. குட்டய்யா திரும்பிப் பார்த்ததும் நின்றது.

நாச்சப்பா முன்னால் வந்தான். "ஒண்ணு பண்ணலாம்பா. சித்தியும் சுடட்டும். தேங்காய அடிச்சா துப்பாக்கி அவங்களுக்கு. இல்லன்னா எனக்கு."

நல்ல யோசனை என்று நாலு பேர் தலையாட்டினார்கள். தேச்சவ்வாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் துப்பாக்கிய வச்சு நான் எதுக்குடா சூதாடணும்? நீ உன் காரை வையேன் பாக்கலாம். அடிச்சாலும் அது என்னுதுதான், அடிக்கலன்னாலும் என்னுதுதான்."

பிறகு குட்டய்யாவைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அவருக்கு வெடி வச்ச பிறகு ஒரு வருஷமா நான் இதத் தொடல பாவா. இதோட கடைசிச் சத்தம் அதுவாவே இருந்துடுமோன்னு பயமா இருந்துச்சு. அன்னிக்குத்தான் எடுத்தேன். ஆனா அதுக்காக, பாவம் புருஷன் செத்த துக்கத்துல சுட்டான்னு யாரும் எனக்குப் பரிஞ்சு பேச வேண்டாம். எனக்குச் சுடப் பிடிக்கும். அவர் இருந்தப்பவும் பிடிக்கும், இப்பவும் பிடிக்கும். பன்னிக்காக இல்ல, யானைக்காக இல்ல. சும்மாதான்."

குட்டய்யா தன் காலைப் பார்த்தார். பேசியபோது அது தீர்ப்பு சொல்கிற குரலாக இல்லை.

"செருப்புகூடப் போடாம ஓடி வந்தேன் தேச்சு. தம்பியும் போய், நீயும் போயிட்டியேன்னு வழியெல்லாம்..."

"பாத்தேன் பாவா. உங்க கால்ல ரத்தம்கூட இருந்துச்சு. உங்கள ஓட வச்சதுக்கு மன்னிப்பு கேக்கறேன்." குனிந்து அவர் காலைத் தொட்டாள். நிமிர்ந்து, "சுட்டதுக்குக் கேக்க மாட்டேன்" என்றாள்.

குட்டய்யா குனிந்து துப்பாக்கியை எடுத்தார். கை நடுங்கியது. போன வருஷம் நடுங்கிய அதே கை, அதே துப்பாக்கி. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அந்த முற்றமும் கீழே விழுந்த தோட்டாவும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் அதை நாச்சப்பா பக்கம் நீட்டவில்லை.

"பிடி. கனமா இருக்கு" என்றார்.

மைதானத்தில் ஆளுக்கு ஒரு குண்டு என்பது கணக்கு. முதலில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் சுட்டார்கள், இலை உதிர்ந்தது. நாச்சப்பா சுட்டான், கிளையிலிருந்து ஒரு காக்கை மட்டும் கோபித்துக்கொண்டு பறந்தது. தேச்சவ்வா பழக்கதோஷத்தில் இரண்டு குழலிலும் தோட்டா போட்டுக்கொண்டு போய் நின்றாள். கட்டை தோளில் உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் பட்டது. கூட்டம் போயிற்று, நாச்சப்பா போனான், அந்த ஒரு வருஷம் போயிற்று. தேங்காய் மட்டும் இருந்தது.

சுட்டாள். தேங்காய் கட்டியிருந்த கயிறு ஒரு ஆட்டம் ஆடியது. தேங்காய் அப்படியே இருந்தது.

"போச்சு" என்றார் குட்டய்யா.

தம்பியின் குரலே அது. இத்தனை வருஷத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தேச்சவ்வாவுக்குக் கண்ணில் நீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. தப்பவிட்டவள் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து நாச்சப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விரல் இரண்டாவது விசையில் போய்த் தானாக உட்கார்ந்தது. இன்னொன்று விட்டால் கட்டாயம் விழும். கூட்டத்தில் பாதிப் பேர் அவள் விரலையே பார்த்தார்கள்.

அவள் துப்பாக்கியை மடக்கித் திறந்து, சுடாத தோட்டாவை வெளியே எடுத்தாள். குட்டய்யாவிடம் நடந்து போய் அவர் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடினாள்.

"இத பத்திரமா வச்சிருங்க பாவா. உங்களுக்கு நேரம் வரும்போது வெடி வைக்க நான் வருவேன். இன்னொண்ண நானே கொண்டு வரேன்."

சுற்றி இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்டிகை நாளில், மூத்தவர் முகத்துக்கு நேரே, இப்படியா பேசுவாள் ஒருத்தி. கங்கவ்வா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குட்டய்யா கையைத் திறந்து தோட்டாவைப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். பிறகு அதை இடைக்கச்சைக்குள் பத்திரமாகச் சொருகிக்கொண்டார்.

"அன்னிக்காவது குறி தப்பாமச் சுடு" என்றார்.

"வானத்தப் பாத்துத்தானே பாவா சுடணும். அது தப்பாது."

அவர் சிரித்துவிட்டார். தேச்சவ்வா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கறி ஆறுவதற்குள் சாப்பிடலாம் என்று ஐன்மனைப் பக்கம் நடந்தாள்.